கொடிமரத்தடியில் கிடைத்த பாடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பிரதோஷ நாள் மாலை. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில், கம்பத்தடி மண்டபத்துக் கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கினேன். வணங்கியவனால் எழ முடியவில்லை. இரு கைகளையும் ஊன்றிப் பார்த்தேன், முழங்கால்கள் கேட்கவில்லை. பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், "ஐயா, கையைப் பிடிச்சுக்குங்க" என்று தூக்கி நிறுத்தினார். அவருக்கு நன்றி கூறிவிட்டுச் சுவாமி சன்னிதிக்குச் சென்றேன். ஆனால் மனம் தரிசனத்தில் நிலைக்கவில்லை.

காரணம் உண்டு. இடுப்பெலும்பு முறிந்த என் தாயார் அப்போதே படுக்கையில் இருந்தார். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு நானும் என் மனைவியும்தான். என்னைத் தூக்கவே ஒருவர் வேண்டுமென்றால், அம்மாவை யார் தூக்குவது? அன்றிரவு உறக்கம் வரவில்லை.

உடற்பயிற்சி செய்யச் சொல்லி, சர்க்கரைக்கு மருந்து தரும் மருத்துவர் பலமுறை எச்சரித்திருந்தார். ஒவ்வொரு முறையும் நான் கூறிய பதில், "நேரமில்லை" என்பதே. அது முழுப் பொய்யுமன்று. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால் அம்மாவுக்கு வேண்டிய பணிவிடை, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றுதல், காய்கறி, மருந்துக் கடை என்று பொழுது ஓடிவிடும். வங்கியில் இருந்தபோதாவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது!

மறுநாள், பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, ஒரு வாரத்துக்கு என் நேரத்தைப் பற்று வரவு எழுதினேன். மாலையில் கோயிலுக்கு ஸ்கூட்டரில் செல்வது என் வழக்கம். சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எனவே நெரிசலில் ஊர்ந்து, வண்டியை நிறுத்த இடம் தேடி, அங்கிருந்து நடந்து செல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. மாசி வீதிக்கு அருகிலுள்ள என் வீட்டிலிருந்து நேரே நடந்து சென்றாலும் ஏறக்குறைய அதே பத்து நிமிடந்தான்! ஸ்கூட்டர் எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தவில்லை, நடையைத்தான் பறித்திருந்தது.

அன்று முதல் ஸ்கூட்டர் வீட்டிலேயே நின்றது. போக வரப் பத்துப் பத்து நிமிடம். சித்திரை வீதியை ஒருமுறை வலம் வந்தால் சுமார் ஒரு கிலோமீட்டர். என் நடைக்குப் பதினைந்து நிமிடம். ஆக, நாளொன்றுக்கு 35 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் சென்றால் 175 நிமிடம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, சிறுசிறு பொழுதுகளும் கணக்கில் சேரும் என்றும் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில் விளக்கியிருக்கிறது. சேமிப்புக் கணக்கு போலத்தான். சிறு தொகையாயினும் வரவு வரவே.

நடை மட்டும் போதாது, கால்களுக்கு வலுவும் வேண்டும் என்றார் மருத்துவர். முக்குறுணி விநாயகர் முன் அதுவரை பெயருக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டுவந்தவன், முழங்கால் தாங்கும் அளவுக்கு நன்றாகக் குனிந்து எழத் தொடங்கினேன். வீட்டில், பால் காயும் நேரத்தில் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவேன். பள்ளி வேனுக்குக் காத்திருக்கையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துவேன். எதற்கும் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. இருந்த வேலைகளோடு ஒட்டவைத்தேன், அவ்வளவே.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆர்வத்தில் ஒருநாள் காலை பதினொரு மணி வெயிலில் ஆடி வீதியை வெறுங்காலுடன் சுற்றினேன். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் கல்லின் சூடு தெரியவில்லை. இரவில் பார்த்தால் கொப்புளம். ஆறுவதற்கு மூன்று வாரமாயிற்று. அதன்பின் வெயில் வேளையில் உட்பிராகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளியே சித்திரை வீதியில் செருப்பணிந்து நடக்கிறேன். படுக்குமுன் பாதங்களைப் பார்த்துவிடுகிறேன். நம் வயதினர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே அமர்ந்துவிட வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், முதல் மாதத்திலேயே சலிப்பு வந்தது உண்மை. ஒரு மழை நாளில் போகாமல் இருந்துவிட்டேன். இரவு அம்மா கேட்டார்: "இன்னிக்கு எத்தனை சுத்துடா சுத்தினே?" போகவில்லை என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "நான்தான் போக முடியாம கெடக்கேன். எனக்கும் சேத்து நீ சுத்துறேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

எழுபது வயதைக் கடந்தும் ஆடி வீதியை வலம் வராமல் வெள்ளிக்கிழமை உணவு உண்ணாதவர் அவர். நான் நடப்பது என் சர்க்கரைக்காக என்று நினைத்திருந்தேன். படுக்கையில் கிடந்தபடி அவரும் என்னோடு வீதிவலம் வந்துகொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு தக்க காரணமின்றி நான் நின்றதில்லை. நமக்காக மட்டும் செய்வதை நாம் எளிதில் ஒத்திப்போட்டு விடுகிறோம். இன்னொருவர் காத்திருக்கிறார் என்றால் கால் தானாக நடக்கிறது.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. திருநீறும் குங்குமமும் நெற்றியில் இட்டவுடன் கணக்குக் கேட்கிறார், சொல்கிறேன். பிறகு கையைக் கொடுத்து மெல்லத் திருப்பிப் படுக்கவைக்கிறேன். இப்போது என் கை நடுங்குவதில்லை.

சென்ற பிரதோஷத்தன்று அதே கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கினேன். தாமதமாகத்தான் எழுந்தேன், ஆனால் நானே எழுந்தேன். அருகில் என்னிலும் மூத்த ஒருவர் எழச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கை கொடுக்கும் வலிமையை அங்கயற்கண்ணி எனக்கு அருளியிருந்தாள்.