மேலே மெஷின், கீழே கார்ப்பெட்

ஏர்கோன் சரியில்லை என்று கூப்பிடுகிற வீட்டில் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். பல வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காது. "தம்பி, மெஷின் மேலே இருக்கு. நீங்க ஏன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கிறீங்க?" என்று சுங்கை பட்டாணியில் ஓர் அக்கா கேட்டே விட்டார். மெஷினுக்கு நேர் கீழே, அவருடைய கார்ப்பெட்டில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. ஒரு புள்ளியை விரலால் தேய்த்தேன். உதிரவில்லை, பிசுபிசுப்போடு இழுபட்டது. உதிர்ந்தால் தெருத் தூசி. இழுபட்டால் அது மெஷினுக்குள் காற்றைத் தள்ளும் புளோவரிலிருந்து தெறித்து விழுந்தது. மூடியைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளே என்ன கோலத்தில் இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

கனடாவிலும் மெல்பர்னிலும் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வீடியோ அனுப்புகிறார்கள். அங்கே வீட்டுக்குள் ஃபர்னஸ் என்று ஒரு சூடேற்றி. அதன் சூடான காற்று தகரக் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் வரும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்தால் கார்ப்பெட் அழுக்காகாது என்று விளம்பரம். உடனே எனக்கு போன்: "நம்ம வீட்டுக்கும் டக்ட் கழுவணுமா?" நம் தாமான் வீடுகளில் டக்ட் ஏது? கெடா தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்த ஃபர்னஸ், ஸ்மோக் ஹவுஸ் அடியில் இருந்த அடுப்புதான். மேலே ரப்பர் ஷீட் தொங்கும், கீழே ரப்பர் விறகு நாள்கணக்கில் புகையும்.

ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. சுவரில் மாட்டிய ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். இல்லை. அறையில் இருக்கும் காற்றையேதான் மேல்பக்கம் இழுத்து, குளிரவைத்து, கீழே தள்ளுகிறது. கீழே கார்ப்பெட் கிடந்தால் அதைத் தொட்டு எழும் காற்றுதான் மறுபடி மேலே போகும். சிவப்புக் கார்ப்பெட் போட்ட வீட்டில் ஃபில்டரை உருவிப் பாருங்கள்: கம்பளித்துணி மாதிரி ஒரு சாம்பல் படலம் படிந்திருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே சிவப்பு இழைகள் தெரியும். நடக்க நடக்க உதிர்ந்த கார்ப்பெட்டின் முடி அது. குழாய் இல்லாவிட்டால் என்ன, அறையே குழாய்.

அந்த ஃபில்டர் வலை பிடிப்பது முடியும் பஞ்சும்தான். நுண்ணிய புகைத்துகள் அதைத் தாண்டிப் போய்விடும். பின்னால் காற்றைக் குளிரவைக்கும் காயில் ஈரமாக இருக்கிறது, ஈரத்தில் ஒட்டுகிறது. அதையும் தாண்டியது புளோவரின் இதழ்களில் படிகிறது. அங்கே ஈரமும் இருட்டும் இருப்பதால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்த சளியாகிறது. காற்று குறைந்ததும் வீட்டுக்காரர் "கேஸ் போடுங்க" என்கிறார். கேஸ் அப்படியே இருக்கும்.  

புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கெடாவில் கைநீட்டிக் காட்டிவிடலாம். மூடா பாசனப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை. அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். திறந்த வெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் அலோர் ஸ்டார், பெண்டாங், யான் பக்கம் வாசலில் கறுப்புத் துரும்பு பறந்து விழாத பருவம் உண்டா? கண்ணுக்குத் தெரியும் துரும்பைக் கூட்டித் தள்ளிவிடலாம். தெரியாததுதான் ஜன்னல் இடுக்கில் நுழைந்து கார்ப்பெட்டில் இறங்குகிறது. 2015, 2019 புகைமூட்டத்தின்போது எல்லாரும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏர்கோனை ஓயாமல் ஓடவிட்டார்கள். அந்த மாதங்களுக்குப் பிறகு கழுவிய மெஷின்களிலிருந்து இறங்கிய தண்ணீர் சீனிக் கோப்பி நிறத்தில் இருந்தது.

வெளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நம் வீட்டுப் புகை நம்முடையது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, சாமி அறை விளக்கு, மிளகாய் தாளிக்கும் எண்ணெய் ஆவி எல்லாமே ஒட்டும் தன்மை உள்ளவை. எல்லாவற்றிலும் மோசம் கொசுவர்த்தி. சீன, மலேசியக் கொசுவர்த்திகளைச் சோதித்து 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்றது அது. அறையைச் சாத்தி, ஏர்கோனைப் போட்டு, கட்டிலுக்கடியில் சுருளையும் கொளுத்தி வைக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன். அங்கே கார்ப்பெட்டைத் தட்டினால் அந்த வாசனையே எழும்பும்.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? புகை போடும் நேரத்தில் ஏர்கோனை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பேன். கூடமெல்லாம் மணக்கட்டும், மெஷின் அதைக் குடிக்கவேண்டாம்.

புகையை விட எனக்குப் பெரிய பகை ஈரம். 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் மெஷினின் வேலையே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். தாள் ஈரத்தில் விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தன. இன்றும் நல்ல ஏர்கோன் ஈரத்தை இழுத்து வெளியே வடிக்கும். டிரெய்ன் பைப்பில் சளி அடைத்துக்கொண்டால் அதே தண்ணீர் சுவர் வழியாக இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும். ஓரத்தைத் தூக்கினால் மொசைக் தரை நனைந்து கிடக்கும்.

பைப் அடைக்காத வீட்டிலும் ஒன்று நடக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்த தரை, காலையில் ஏர்கோனை அணைத்து ஜன்னலைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சந்திக்கிறது. தரை வியர்க்கிறது. வெறும் தரை என்றால் அரை மணியில் காய்ந்துவிடும். கார்ப்பெட் மூடியிருந்தால் வழியில்லை. முதுகில் பூசிய லேடெக்ஸ் நொறுங்கி மஞ்சள் பொடியாக உதிரும். (அது பெரும்பாலும் செயற்கை ரப்பர். பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் சொல்லிவைக்கிறேன். நம் மரத்தின் மேல் பழி வேண்டாம்.) தூசிப் பேன்களுக்கும் இதுதான் சொர்க்கம். அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சி வாழ்கின்றன. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போய் அப்படியே நின்றால் வற்றிச் செத்துவிடும். கெடாவில் அது எப்போது நின்றது? ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒவ்வாமையைக் கிளப்புவது பேனை விட அதன் எச்சம்; அதுவும் கார்ப்பெட்டிலிருந்து எழும்பி ஃபில்டருக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தில் சேர்த்தி.

தோட்டத்து லயத்து வீட்டில் பாய்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் வாசலில் உதறி, சுருட்டிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். தரை மூச்சுவிடும். கார்ப்பெட்டை யார் தினமும் உதறுகிறார்கள்? பசார் மாலாமில் வாங்கி வந்து விரித்தால், அடுத்த தீபாவளிக்குத்தான் அது தரையை விட்டு எழும்பும். படுக்கையறையில் கார்ப்பெட் வேண்டுமா என்று என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூடத்தில், விருந்தாளிக்காக, சின்னதாக, ஒரு ஆள் தூக்கி வெயிலில் போடக்கூடியதாக இருந்தால் சரி.

உண்மையான டக்ட் இருப்பது ஹோட்டல்களிலும் ஆபீஸ்களிலும் கல்யாண மண்டபங்களிலும்தான். அங்கே இரண்டு கறுப்பைப் பார்க்கலாம். ஒன்று, சீலிங்கில் காற்று வரும் சதுரத்தைச் சுற்றி விரல் விரலாகப் படிந்த கறை. டக்ட் அழுக்கைக் கக்குகிறது என்று மேனேஜர் பதறுவார். பெரும்பாலும் அது டக்ட்டிலிருந்து வந்ததல்ல. வேகமாக வெளிவரும் காற்று பக்கத்து அறைக்காற்றையும் சேர்த்து இழுத்துச் சீலிங்கில் உரசுகிறது. கறை அறையின் கறை, அதாவது கீழே கிடக்கும் கார்ப்பெட்டின் கறை. இரண்டாவது, கதவுக்கு அடியிலும் சுவரோரத்திலும் கார்ப்பெட்டில் கோடு கிழித்த மாதிரி ஓடும் கறுப்பு. ஓர் அறையில் காற்றழுத்தம் கூடி அடுத்ததில் குறைந்தால், காற்று இடுக்கு வழியாகப் போகும்போது கார்ப்பெட்டின் இழை வடிகட்டியாகிவிடுகிறது. ஷாம்பு போட்டால் அந்தக் கோடு மங்கும், சில மாதத்தில் அதே இடத்தில் திரும்பும். அழுத்தத்தைச் சமப்படுத்தி இடுக்கை அடைக்காதவரை அது போகாது.

டக்ட் கழுவச் சொல்லி விற்பவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-லேயே வீட்டுக்காரர்களுக்கு ஒரு கையேடு போட்டது. டக்ட் கழுவுவதால் நோய் தடுக்கப்படுகிறது என்று நிரூபணமாகவில்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால், எலியோ பூச்சியோ குடியேறியிருந்தால், தூசி அடைத்து அறைக்குள் கொட்டினால் கழுவுங்கள் என்கிறது. ஃபர்னஸும் டக்ட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிற நாட்டிலேயே இவ்வளவுதான்.

கூலிம் ஹைடெக் பார்க்கில் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அங்கே 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர்கள், தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பு. கார்ப்பெட் துண்டு ஒன்றை அந்த வாசலுக்குக்கூட விடமாட்டார்கள். அதே தம்பி வீட்டுக்கு வந்து, மெத்தென்ற கார்ப்பெட்டில் பிள்ளையைப் புரளவிட்டு, "தும்மல் நிக்கவே மாட்டேங்குதுண்ணே, ஏர்கோனைப் பாருங்க" என்பான்.

வேலை வரிசை ஒன்று உண்டு, அதைத்தான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கார்ப்பெட்டை டோபிக்கு அனுப்புகிறார்கள். கழுவி வந்ததும் விரித்துவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் ஏர்கோனுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். கெமிக்கல் வாஷ் முடிந்த மெஷினில் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும், இளகிய சளித் துணுக்கு இடுக்கில் மிச்சம் இருந்து முதல் ஓட்டத்தில் வெளியே தெறிக்கும். புதிதாகக் கழுவிய கார்ப்பெட்டின் மேல்தான் அது விழும். மெஷின் முதலில், ஒரு நாள் வெறும் தரையில் ஓடவேண்டும், அதற்குப் பிறகு கார்ப்பெட். வேக்கும் போடும்போது ஏர்கோனை அணைக்கவேண்டும். மலிவான வேக்கும் பிடித்த நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடுகிறது, ஓடும் மெஷின் அதை அப்படியே விழுங்கும். டோபியிலிருந்து வந்த கார்ப்பெட்டை விரிப்பதற்கு முன் முதுகைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரம் தட்டினால் இன்னொரு வெயில்.

ஒரு மாதத்துக்கு முன்பே கூப்பிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லித்தான் வைக்கிறேன். முறுக்குச் சுடும் இரவில்தான் போன் வருகிறது. போகாமல் இருக்க முடியாது, பழகிய வீடுகள். கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே வைத்தால்தான் வேலை என்று மட்டும் போனிலேயே சொல்லிவிடுவேன்.