காத்திருக்கும் மிளகு

மிளகு என்பது மற்றொரு மரத்தைப் பற்றி ஏறி வளரும் பல்லாண்டுக் கொடியின் காய். கரிய மிளகு, வெள்ளை மிளகு, பச்சை மிளகு எனக் கடைகளில் வெவ்வேறாக விற்கப்படும் மூன்றும் ஒரே கொடியில் விளைபவை. பறிக்கும் பருவமும் பறித்த பின் செய்யும் பக்குவமுமே அவற்றை வேறாக்குகின்றன. நன்கு உலர்ந்த மிளகு ஈரம் படாமல் வைக்கப்பட்டால் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. எனவே விலை ஏறும்வரை இருப்பில் வைக்கத்தக்க சில வேளாண் பொருள்களுள் அது ஒன்றாகிறது. அவ்வாறு காத்திருக்கும் வாய்ப்பு அதை விளைவிக்கும் சிறு விவசாயிக்குக் கிடைக்கிறதா என்பதே, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் தோட்டங்களை அறுவடைக் காலத்தில் நேரில் காண்போர் முன் எழும் கேள்வி.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்லும் சாலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த நிலப்பரப்பைச் சென்றடைகிறது. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர்; பெயர் ஒத்திருப்பினும் கேரளத்து மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, இவர்களது தாய்மொழி தமிழே. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பட்ட இம்மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறைகளாக விளைந்துவந்தன. பின்னர் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி அவற்றின் நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. சரிவுகளில் காப்பியும் மிளகும் இடம்பெற்றன.

ஒரு சிறு தோட்டத்தினுள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மிளகன்று, மரமே. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் நேராகவும் விரைவாகவும் உயர்வதால் கொடிக்குத் தாங்கு மரமாகிறது. கொடியின் கணுக்களிலிருந்து தோன்றும் பற்றுவேர்கள் அதன் பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலேறுகின்றன. கீழே காப்பிச் செடியும், இடையிடையே பலாவும் வாழையும் நிற்க, மேலே மிளகு படர்வதால், சில ஏக்கர் மட்டுமே உடைய குடும்பம் ஒரே நிலத்தை அடுக்கடுக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது. நிழல் மிகுந்தால் காய்ப்புக் குறையும் என்பதால், பருவமழைக்கு முன்னர் மரங்களின் பக்கக் கிளைகள் கழிக்கப்படுகின்றன.

புதுக் கொடி விதையிலிருந்து வளர்க்கப்படுவது அரிது. தாய்க்கொடியின் அடியிலிருந்து தரையோடு படரும் ஓடுகொடிகள் இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டு, பைகளில் வேர்விட்ட பின், மழைத் தொடக்கத்தில் மரத்தடியில் நடப்படுகின்றன. மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் காய்ப்புத் தொடங்கினாலும், கொடி முழுப் பலன் தர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். பூக்களும் காய்களும் வரிசையாகத் தொங்கும் தண்டு 'சரம்' எனப்படுகிறது. மகரந்தம் சரத்தின் மேலிருந்து கீழாகப் பரவுவதற்கு மழைத்துளிகள் துணைசெய்வதால், பூக்கும் காலத்தில் மழை தவறினால் சரம் நீண்டும் காய் நிரம்பாமல் இடைவெளி விழுகிறது. நிழலைத் தாங்கும் கரிமுண்டா போன்ற நாட்டு வகைகளும், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, மிளகில் முதல் கலப்பின வகையாகிய பன்னியூர் 1-உம் விவசாயிகளிடையே பெயர்பெற்றவை. பின்னது நீண்ட சரமும் பெரிய காயும் தருமாயினும் வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் விளைச்சல் சுருங்கிவிடுகிறது.

மிளகு விவசாயி மிகவும் அஞ்சுவது விரைவு வாடல் எனப்படும் அழுகல் நோய்க்கே. பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி மழைக்காலத்தில் மண்ணிலிருந்து வேரையும் அடித்தண்டையும் தாக்க, இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றி, பத்தாண்டு வளர்ந்த கொடியும் சில வாரங்களில் பட்டுப்போகிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழைக்கு முன்னரே தெளிப்பதும், டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தோடு கலந்து வேரில் இடுவதும், அடியில் நீர் தேங்காமல் வடித்துவிடுவதும் காப்பு முறைகள். நோய் கண்ட பின் செய்யும் எதுவும் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதால், பட்ட கொடியின் இடத்தில் புதுக் கொடி காய்ப்பதற்கான ஆண்டுகள் முழுவதும் இழப்பாகவே கணக்கிடப்படவேண்டும்.

தை முதல் பங்குனி வரையிலான அறுவடையே இத்தொழிலில் உடலுழைப்பு மிகுந்த கட்டம். சரத்தில் ஓரிரு காய்கள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியதும் முழுச் சரமும் பறிக்கத்தக்கதாகிறது. ஒற்றை மூங்கிலில் கால் வைக்கும் இடங்கள் அமைத்துச் செய்த ஏணியை மரத்தில் சாய்த்துக் கட்டி, இடுப்பிலோ தோளிலோ சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறும் தொழிலாளி, ஒரு கையால் மரத்தைப் பற்றி மறு கையால் சரங்களைக் கிள்ளுகிறார். எல்லாச் சரங்களும் ஒரே நாளில் முதிர்வதில்லை; ஆகவே ஒரே மரத்தில் இரண்டு மூன்று முறை ஏற நேர்கிறது. பனியில் நனைந்த பட்டையில் கால் வழுக்குவது இத்தொழிலின் நிலையான ஆபத்து. அதற்கு அஞ்சாத தேர்ந்த ஆட்கள் குறைந்துவருவதால் கூலி உயர்ந்து, விளைச்சலின் கணிசமான பங்கு பறிப்புக்கே செலவாகிறது. கீழே உதிர்ந்த மணிகளைப் பொறுக்குவதும், சரங்களைக் காலால் மிதித்தோ இயந்திரத்திலிட்டோ மணிகளைப் பிரிப்பதும், முறத்தில் புடைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை.

பிரித்த பச்சை மணிகளை மூங்கில் கூடையிலிட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுக்கும் பக்குவம் சில தோட்டங்களில் கையாளப்படுகிறது. இதனால் அழுக்கு நீங்குவதோடு, தோலைக் கருக்கச் செய்யும் நொதியின் வினை விரைந்து, மிளகு சீரான கருமை அடைகிறது. பின்னர் சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பப்பட்டு, நான்கைந்து நாள் வெயிலில் உலர்த்தப்படுகிறது. களமில்லாத வீட்டில் மண்ணும் தூசும் கலப்பதும், மாலைப் பனிக்கு முன் அள்ளி மூடத் தவறினால் பூசணம் பிடிப்பதும் இயல்பு. ஏறத்தாழ 100 கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் 33 கிலோ கரிய மிளகாகிறது. எனவே பச்சையாகவே வாங்கும் வியாபாரி, உலர்ந்த மிளகின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தந்தால்தான், உலர்த்தும் செலவு நீங்கலாக, கணக்குச் சமனாகும்; ஆனால் பறிப்புக் கூலி அன்றன்றைக்குக் கொடுக்கப்படவேண்டியிருப்பதால் இந்தக் கணக்கைப் பார்க்கும் நிலையில் எல்லா விவசாயிகளும் இருப்பதில்லை. கொடி பூத்திருக்கும்போதே முன்பணம் பெற்றுக்கொண்டு விளைச்சலைப் பேசிவிட்டவருக்கோ கணக்கே எஞ்சுவதில்லை.

உலர்ந்த மிளகை விற்கும் இடத்தில் இரண்டு அளவைகள் விலையைத் தீர்மானிக்கின்றன. முதலாவது ஈரப்பதம், தரம் பிரித்த மிளகில் அது 11 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது வழக்கம். 15 விழுக்காடு ஈரமுள்ள 50 கிலோ மூட்டை அந்த அளவுக்கு உலரும்போது இரண்டே கால் கிலோ குறையும் என்பதால், வியாபாரி அதை எடையிலோ விலையிலோ முன்னதாகவே கழித்துக்கொள்கிறார். ஈரமானி இல்லாத இடத்தில் மணியைப் பல்லால் கடித்துப் பார்ப்பதே அளவுகோலாகிவிடுவதால், கழிவு எவ்வளவு என்பதும் அவர் கையிலேயே இருக்கிறது. இரண்டாவது லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரம்பும் மிளகின் எடை. அது 550 கிராமை ஒட்டியிருந்தால் மணி கனமானது, 500-க்குக் கீழே இறங்கினால் உள்ளீடற்ற பொக்கு மணிகள் மிகுந்தது என்று கொள்ளப்படுகிறது. ஏற்றுமதியில் பேசப்படும் 'தலச்சேரி' என்னும் தரமோ மணியின் பருமனைப் பொறுத்த சல்லடைக் கணக்கு; 4.25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய மணிகளுக்கே அப்பெயர் வழங்குகிறது.

மலைச் சந்தையின் விலை மலையில் உருவாவதில்லை. கொச்சிச் சந்தையின் நிலவரத்தையும், அதன் வழியே உலகின் மிகப்பெரிய உற்பத்தி நாடாகிய வியட்நாமின் விளைச்சலையும் அது பின்தொடர்கிறது. 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாட்டின் வழியே மிளகு இறக்குமதியானதும், 2010-களின் நடுவில் கிலோவுக்கு 600 ரூபாயைத் தாண்டியிருந்த விலை அப்பத்தாண்டின் முடிவில் ஏறத்தாழ அதன் பாதிக்கு இறங்கியதும் சிறு விவசாயிகளை நேரடியாகப் பாதித்தன. 2017 டிசம்பரில் மைய அரசு கிலோவுக்கு 500 ரூபாயைக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாக நிர்ணயித்த பின்னரும் வீழ்ச்சி நிற்கவில்லை.

விலை இவ்வாறு ஏறி இறங்கும் பொருளில் ஆதாயம் பெரும்பாலும் காத்திருக்க வல்லவரையே சேர்கிறது. சிறு தோட்டங்களிலும் காத்திருப்பு முற்றிலும் இல்லாமலில்லை. அறுவடைக் கூலிக்கும் கடனுக்கும் ஈடாக முதல் மூட்டைகள் உடனே விற்கப்பட, எஞ்சிய ஓரிரு மூட்டைகள் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கோ திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ என வீட்டிலேயே நிறுத்திவைக்கப்படுவது உண்டு. வங்கிக்கணக்கு செய்யவேண்டிய வேலையை அங்கே மிளகு மூட்டை செய்கிறது. விளைபொருளைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியை முன்னதாகப் பெறும் பொருளீட்டுக் கடன் தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடைமுறையில் உள்ளதே. அதனோடு ஊருக்கு ஒரு பொது உலர்களமும், எடைபோடும் இடத்தில் விவசாயியின் கண்முன் வைக்கப்பட்ட ஈரமானியும் சேருமானால், அந்த ஓரிரு மூட்டைகள் ஐந்தாறாகக் கூடும்.