பீப் போட்டால் பாட்டு சுத்தமாகிவிடுமா?

ஜனவரி பிறந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். பொங்கல் விழா முடிந்த கையோடு பள்ளி ஆண்டு விழாக்கள் தொடங்கும். அதற்குப் பின்னால் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா. ஒரு காலத்தில் மைக் செட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் இருந்தால் போதும். இப்போது பிள்ளைகள் முதலில் கேட்பதே, "டி.ஜே. உண்டா மிஸ்?" என்றுதான்.

அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு டி.ஜே. போடும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப், மிக்ஸர், நாலு பாக்ஸ், இரண்டு லைட் ஆகியவற்றை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் 'டி.ஜே. அண்ணா'. ஆசிரியர்களுக்குத் 'தம்பி'.

புக்கிங் பேசும்போது எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான். "தம்பி, பாட்டு லிஸ்ட்டை முன்னாடியே அனுப்பிடுங்க. டபுள் மீனிங் வரக் கூடாது. குடி, சிகரெட் வரக் கூடாது. ஆனா பசங்க நல்லா ஆடணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது. பிள்ளைகள் ஆடுவது இப்போது ஹிப்ஹாப்புக்கு. ஹிப்ஹாப்பில் வார்த்தைகள் மழை போலக் கொட்டும். நிமிடத்துக்கு எத்தனை வரி போகிறது, எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை ஆடும் கூட்டத்தில் யாரும் கவனிப்பதில்லை. மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் பாட்டிகளும் கவனிப்பார்கள்.

'ஈ' குறி எதைச் சொல்கிறது?

பாட்டுச் செயலிகளில் சில பாடல்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்து இருக்கும். 'எக்ஸ்ப்ளிசிட்', அதாவது வெளிப்படையான கெட்ட வார்த்தையோ ஆபாசமோ உள்ள பாட்டு என்று அர்த்தம். செட்டிங்ஸில் போய் அந்த வகைப் பாடல்களே வராமல் தடுக்கவும் முடியும். வீட்டில் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இந்தக் குறிக்கு ஒரு கதை உண்டு. 1984-இல் வெளியான பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தை அமெரிக்காவில் ஒரு தாய் தன் 11 வயது மகளுக்காக வாங்கினார். அதில் ஒரு பாட்டின் வரிகளைக் கேட்டு அதிர்ந்துபோனார். அவர் டிப்பர் கோர், பின்னாளில் துணை அதிபரான அல் கோரின் மனைவி. அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து 1985-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது. 'இது கருத்துச் சுதந்திரத்தில் கைவைப்பது' என்று இசைக்கலைஞர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் இசை நிறுவனங்கள், பெற்றோருக்கான எச்சரிக்கை வாசகத்தை உறையில் அச்சிட ஒப்புக்கொண்டன. கறுப்பு வெள்ளையில் ஒரே மாதிரியான முத்திரை 1990-இல் வந்தது. இன்றைய 'ஈ' குறி அதன் பேரப்பிள்ளை.

டி.ஜே. அண்ணாவும் தொடக்கத்தில் இந்தக் குறியை நம்பித்தான் லிஸ்ட் போட்டார். போகப் போகத்தான் ஒன்று பிடிபட்டது. அந்தக் குறியைப் போடுவது பாட்டை வெளியிடுகிறவர்கள். ஆங்கிலப் பாட்டுக்கு ஓரளவு ஒழுங்காகப் போடுகிறார்கள். தமிழிலும் இந்தியிலும் பஞ்சாபியிலும் குறியே இல்லாமல் எத்தனையோ வருகின்றன. திரைப்படத்தில் வரும் பாட்டுக்காவது சென்சார் போர்டு என்று ஒன்று இருக்கிறது. யூடியூபில் நேரடியாக இறங்கும் தனிப்பாடலுக்கு அதுவும் இல்லை.

படப் பாட்டு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட முடியாது. 2023-இல் 'லியோ' படத்தின் 'நா ரெடி' பாட்டு வந்தபோது மது, புகை பற்றிய வரிகளுக்காகப் புகார் எழுந்தது. பிறகு அதன் காணொளியில் எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். பள்ளி மைதானத்தில் ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்கும். எச்சரிக்கை வாசகத்தை யார் படிப்பது?

மௌனத்தை நிரப்பும் முந்நூறு குரல்கள்

ஆங்கில ராப் பாடல்கள் பலவற்றுக்கு 'கிளீன் வெர்ஷன்' என்று தனியே கிடைக்கும். வானொலிக்காகத் தயாரிப்பது. கெட்ட வார்த்தை வரும் இடத்தில் சத்தத்தை அணைத்திருப்பார்கள், அல்லது அந்தச் சொல்லை மட்டும் திருப்பிப்போட்டுப் புரியாமல் செய்திருப்பார்கள். டி.ஜே. தொழிலில் இருப்பவர்கள் இந்த வெர்ஷனைத்தான் பள்ளிகளுக்கு எடுத்துப் போவார்கள்.

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாட்டு தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் என்ன வார்த்தை என்பதும் தெரியும். ஸ்பீக்கர் அரை நொடி மௌனமாகும்போது, முந்நூறு பிள்ளைகள் சேர்ந்து அந்த வார்த்தையைக் கத்துவார்கள். அணைத்ததே வம்பாகப் போய்விடும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2015 டிசம்பரில், சென்னையும் திருவள்ளூரும் வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பாட்டு இணையத்தில் கசிந்தது. கெட்ட வார்த்தை வரும் இடத்தில் 'பீப்' ஒலி போட்டிருந்தார்கள். மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, போலீசில் புகார்கள் பதிவாயின. கடைசியில் அந்தப் பாட்டுக்கே 'பீப் பாடல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. மறைத்த வார்த்தைதான் எல்லோருக்கும் நினைவில் நின்றது.

ஆகவே வார்த்தையை மட்டும் வெட்டினால் போதாது. பாட்டு என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஹிப்ஹாப் தமிழாவுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்த 'கிளப்புல மப்புல' பாட்டு, பெண்களைப் பழிக்கிறது என்ற விமர்சனத்துக்கு உள்ளானது. கெட்ட வார்த்தையை மட்டும் தேடும் சல்லடையில் இப்படிப்பட்ட பாட்டு சிக்குவதில்லை.

வேறொருவர் டி.ஜே. போட்ட ஒரு விழாவில் ஓரமாக நின்று அவர் கவனித்தது இது. பெண்களைக் கிண்டல் செய்யும் ராப் ஒன்று வந்தது. அதுவரை நடுவில் ஆடிக்கொண்டிருந்த மாணவிகள் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் சண்டை போடவில்லை. ஒரே பாட்டில் மைதானம் பையன்களுடையதாக ஆகிவிட்டது. பாட்டு மாறிய பிறகும் அந்தப் பெண்கள் திரும்பி வரவில்லை. கடைசி நாள் விழா அது.

நாலு மொழி கேட்கும் மைதானம்

கும்மிடிப்பூண்டியில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், வங்காளக் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா, அதனால் தெலுங்கு வீட்டு மொழியாக உள்ளவர்களும் உண்டு. தமிழ் ஆசிரியைக்குத் தாளமாக மட்டும் கேட்கும் இந்தி ராப், பின்வரிசையில் நிற்கும் ஒரு தாய்க்கு முழுவதுமாகப் புரியும்.

ஒருமுறை மாணவர்கள் கேட்டார்கள் என்பதற்காக ஓர் இந்தி ராப்பை லிஸ்ட்டில் சேர்த்திருந்தார். பள்ளியில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் இரவு ஷிஃப்டில், கூட வேலை பார்க்கும் பீகார் நண்பரிடம் ஹெட்போனைக் கொடுத்து, "என்ன சொல்றான்னு சொல்லு" என்றார். நண்பர் அரை நிமிடம் கேட்டார். முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "அண்ணா, இதை எப்படிச் சொல்றது? குழந்தைங்க முன்னாடி வேணாம். என் பொண்ணும் அங்கதான் படிக்குது" என்றார்.

அந்த வரிகளின் அர்த்தம் அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. பாட்டு லிஸ்ட்டிலிருந்து போனது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்: எந்த மொழிப் பாட்டோ, அந்த மொழிக்காரர் ஒருவர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும்.

அதோடு இன்னும் சில வழக்கங்கள் உண்டு. பாட்டை முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஹெட்போனில் கேட்பார். நடுவில் தாவ மாட்டார், வம்பு பெரும்பாலும் இரண்டாவது சரணத்தில்தான் இருக்கும். எல்லாவற்றையும் லேப்டாப்பில் முன்பே இறக்கி வைத்துக்கொள்வார். விழா நடக்கும்போது இணையத்தில் ஓடவிட்டால் அடுத்து எந்தப் பாட்டு தானாக வரும் என்று சொல்ல முடியாது. "அண்ணா, இந்த ஒரே ஒரு பாட்டு" என்று நீளும் போன்களை மிக்ஸரில் இணைக்க மாட்டார். கடைசியாக ஒரு சோதனை: நாலாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டைத் தன் பாட்டியிடம் பாடிக் காட்டினால் என்ன ஆகும்?

பள்ளி விழாவில் பிறந்த இசை

இவ்வளவு கஷ்டம் எதற்கு, பேசாமல் ஹிப்ஹாப்பையே தள்ளிவிடலாமே என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்ப்பெல் என்ற மாணவி, தான் குடியிருந்த கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து வைத்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் நேரம். புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய 18 வயது அண்ணன். ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த டி.ஜே. கூல் ஹெர்க். ஒரு பாட்டில் வெறும் தாளம் வரும் பகுதியில்தான் கூட்டம் ஆடுகிறது என்பதைக் கவனித்து, இரண்டு இசைத்தட்டுகளை வைத்து அந்தப் பகுதியை நீட்டியவர். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் தொடங்கியது அது. கும்மிடிப்பூண்டிக்கு இதைவிட நெருக்கமான கதை இருக்க முடியாது.

கெட்ட வார்த்தை இல்லாமல் ராப் நிற்காது என்பவர்களுக்கு வில் ஸ்மித் பதில். சிறுவயதில் அவர் ராப் எழுதி வைத்திருந்த நோட்டு பாட்டியின் கையில் கிடைத்ததாம். புத்தியுள்ளவர்கள் இந்த மாதிரி வார்த்தைகள் இல்லாமலே பேசுவார்கள் என்ற பொருளில் பாட்டி அந்த நோட்டிலேயே எழுதி வைத்தாராம். அதன்பின் தன் ராப்பில் அவற்றை விட்டுவிட்டதாக வில் ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். ராப்புக்கென்று கிராமி விருது முதன்முதலில் வழங்கப்பட்ட 1989-இல் அதை வாங்கியது அவரும் டி.ஜே. ஜாஸி ஜெஃபும்தான்.

தமிழிலும் சரக்குக்குப் பஞ்சமில்லை. 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' காலத்திலிருந்தே காது பழகிவிட்டது. 2006-இல் மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' ஆல்பத்தில், இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை ராப்பாக்கினார்கள். பிள்ளைகளும் அப்பாக்களும் சேர்ந்து ஆடும் பாட்டு அது. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவு பக்கத்து அரக்கோணத்துக்காரர். திருவள்ளூர் வழியாகப் போகும் ரயில் பாதையின் ஊர். பாட்டில் அவர் நினைக்கும் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ள கும்மிடிப்பூண்டியில் அந்தப் பாட்டு வரும்போது பிள்ளைகளோடு சேர்ந்து நாற்காலி வரிசையும் தலையாட்டுகிறது.

இன்னும் பின்னால் போனால், திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணிக்கும் சிறுவாபுரிக்கும் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் இருக்கிறது. மூச்சுவிட இடமில்லாத அந்தச் சந்தத்தை ஒரு தமிழ் ஐயா வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்லிக்காட்ட, மாணவர்கள் "சார், இது ராப்!" என்று கத்தினார்களாம்.

பிள்ளைகளின் எட்டு நிமிடம்

எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டார் என்று சொல்ல முடியாது. 2024-இல் ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்' வந்த பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். அதில் ஆங்கில வசவுகள் உண்டு. இசையை மட்டும் போட்டால், "அண்ணா, பூமர் மாதிரி பண்றீங்களே" என்று முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் ஆடவில்லை என்றால் அடுத்த வருட புக்கிங் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்தப் பயம் அவருக்கு ஒவ்வொரு விழாவிலும் இருக்கிறது. வீட்டுக்கு ஸ்பீக்கர் கடன் இன்னும் பாக்கி.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழி, கூல் ஹெர்க் செய்ததுதான்: தாளத்தை நீட்டுவது. இப்போதெல்லாம் விழாவின் நடுவில் எட்டு நிமிடம் வெறும் தாளம் மட்டும் ஓடும். மைக் பிள்ளைகள் கையில். சொந்தமாக எழுதிக்கொண்டு வந்தால் பாடலாம், வகுப்பாசிரியர் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் போதும். முதல் வருடம் மூன்று பேர்தான் வந்தார்கள். இப்போது பெயர் கொடுக்க வரிசை நிற்கிறது. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகும் அண்ணனைப் பற்றி ஒருவன். கணக்கு சாரின் சுண்ணக்கட்டியைப் பற்றி ஒருத்தி. ஒடியாவில் நாலு வரி, தமிழில் நாலு வரி என்று அப்பாவின் நைட் ஷிஃப்டைப் பற்றி ஒரு சிறுமி. அவள் பாடியபோது தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒடியா அவருக்குத் தெரியாது.

அடுத்த புக்கிங் ஊத்துக்கோட்டைப் பக்கம். அங்கே தெலுங்குப் பாட்டு கேட்பார்கள். லிஸ்ட் தயார். கேட்டுச் சரி சொல்லத் தெலுங்கு தெரிந்த ஓர் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.