அல்உலா: படிப்பினை தரும் பாலைவனச் சிற்றூர்



ஹஜ், உம்ராக் கடமைகளுக்காகச் செல்லும் நம்மவர்கள் மக்காவிலும் மதீனாவிலும் தங்கி, நிறைந்த உள்ளத்தோடு ஊர் திரும்புகிறார்கள். மதீனாவுக்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவில், பழைய டமாஸ்கஸ் ஹஜ் பாதையில், அல்உலா என்னும் பாலைவனச் சிற்றூர் இருப்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. 2019-ஆம் ஆண்டு சவூதி அரசு சுற்றுலா விசா வழங்கத் தொடங்கிய பிறகு பல நாட்டவரும் அங்கு வந்து குவிகின்றனர். "அத்தா, நாமும் ஒருமுறை போய் வரலாமா?" என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டனர். போகலாமா? போனால் எந்த உள்ளத்தோடு போக வேண்டும்? ஊரைப் பார்த்துவிட்டு இக்கேள்விக்கு வருவோம்.

மலைகளுக்கிடையே ஒரு சோலை

இருபுறமும் செந்நிற மணற்கல் மலைகள் சுவர்போல் எழுந்து நிற்க, நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கில் பசுமையான ஈச்சந்தோப்புகள். இதுதான் அல்உலா. மேற்கே மலைகளின் உச்சியில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள் போர்வைபோல் படர்ந்திருக்கின்றன. காற்றும் மழைநீரும் எண்ணற்ற ஆண்டுகளாக அரித்து அரித்து, மலைகளைப் பிளந்து குறுகிய இடுக்குகளை உண்டாக்கியுள்ளன. 52 மீட்டர் உயரப் பாறையொன்று, தும்பிக்கையைத் தரையில் ஊன்றிய யானையைப்போலவே நிற்கிறது. மனிதனின் உளி படாமலே உருவானது அது.

தோப்பின் ஓரமாகப் பழைய ஊர் இருக்கிறது. கல்லும் மண்ணும் கொண்டு கட்டப்பட்ட ஏறத்தாழ 900 வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி ஒரு கோட்டையைப்போல் நெருங்கி நிற்கின்றன. பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்த இவ்வீடுகளை விட்டு, 1980-களில் கடைசிக் குடும்பங்களும் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தன. 'தந்தூரா' என்னும் நிழற்கடிகாரம் இன்றும் அங்குள்ளது. அதன் நிழலைக் கொண்டே பயிர்ப் பருவத்தையும் தோப்புகளுக்கு நீர் பங்கிடும் முறையையும் அம்மக்கள் கணித்தனர்.

1326-ஆம் ஆண்டு ஹஜ் கூட்டத்தோடு இவ்வழியே வந்த இப்னு பதூதா, இவ்வூராரைப் பாராட்டி எழுதியிருக்கிறார். ஹாஜிகள் நான்கு நாட்கள் இங்கே தங்கி, துணிகளைத் துவைத்து, உணவுப் பொருட்களைச் சேகரித்துக் கொள்வார்களாம். தேவைக்கு மிஞ்சிய சாமான்களை இவ்வூராரிடமே ஒப்படைத்துச் செல்வார்களாம். அமானிதம் பேணும் மக்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன நற்சான்று வேண்டும்?

ஊருக்கு அருகிலேயே தாதான், லிஹ்யான் அரசுகளின் தலைநகரமும், பாறையெங்கும் எழுத்துகள் நிறைந்த இக்மா மலையிடுக்கும் உள்ளன.

ஹிஜ்ரின் கல் வாசல்கள்

அல்உலாவுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் ஹிஜ்ர் வருகிறது. மதாயின் ஸாலிஹ் என்று நாம் அறிந்த இடம் இதுவே. திருமறையின் 15-ஆவது அத்தியாயம் இதன் பெயரையே தாங்கியுள்ளது. 2008-இல் சவூதி அரேபியாவிலிருந்து முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றதும் இந்த ஹிஜ்ர்தான்.

தனித்தனிப் பாறைகளில் பிரம்மாண்டமான வாசல்கள் குடையப்பட்டுள்ளன. மொத்தம் 111 கல்லறைகள். அவற்றுள் 94 சிற்ப அலங்காரம் உடையவை. 'கஸ்ருல் ஃபரீத்' என்னும் தனிப்பாறைக் கல்லறை முற்றுப்பெறாமல் நிற்கிறது. மேற்பகுதி வழவழப்பாகவும் கீழ்ப்பகுதி கரடுமுரடாகவும் இருப்பதைக் கொண்டு, சிற்பிகள் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கி வந்தார்கள் என்பதை அறிகிறோம்.

பல வாசல்களின் மேல் கல்வெட்டுகள் உள்ளன. இவை புகழ்மாலைகள் அல்ல, சொத்துப் பத்திரங்கள்! இன்னார் இதைக் கட்டினார், இன்னின்னாரே இங்கு அடக்கம் செய்யப்பட வேண்டும், இதை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, மீறினால் இவ்வளவு அபராதம் என்று எழுதி வைத்துள்ளனர். படைத் தலைவர்கள், ஒரு மருத்துவர், தம் பெயரிலேயே கல்லறை எழுப்பிய பெண்கள் எனப் பலர் அவற்றில் வருகின்றனர். மரணத்துக்குப் பின்னும் தம் உடைமையைக் காத்துக்கொள்ள அவர்கள் செய்த ஏற்பாடுகள் எத்தனை! இன்று அக்கூடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பத்திரம் மட்டும் பாறையில் நிலைத்திருக்கிறது, உரிமையாளரைக் காணோம்.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "இக்கல்வெட்டுகள் ஏறத்தாழ கி.மு. 1 முதல் கி.பி. 75 வரை வாழ்ந்த நபதேயர்களுடையவை என்கிறார்களே! அப்படியானால் ஸமூது கூட்டத்தாரைப் பற்றி நாம் ஓதி வருவது என்ன?"

இக்கேள்வியைக் கேட்டு நாம் கோபம் கொள்ளத் தேவையில்லை. ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வீடுகள் அமைத்தார்கள் என்றே திருமறை கூறுகிறது. இன்று நிற்கும் இன்ன வாசலை அவர்களே செதுக்கினார்கள் என்று அது கூறவில்லை. ஸமூது என்னும் பெயரோ, நபதேயர்களுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகள் முன்பே, கி.மு. 8-ஆம் நூற்றாண்டு அசீரிய மன்னர் சார்கோனின் கல்வெட்டில் காணப்படுகிறது. ஒரே நிலத்தில் ஒரு கூட்டத்தார்பின் மற்றொரு கூட்டத்தார் வாழ்ந்து மறைவது உலகெங்கும் காணும் உண்மை. ஆகவே, அகழ்வாராய்ச்சியாளர் கூறுவதை அறிவோடு ஏற்கவும், ஈமானில் உறுதியோடு நிற்கவும் ஒருவருக்கு ஒருங்கே இயலும்.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் செல்லும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்விடத்தைக் கடந்தார்கள். வேதனை இறங்கிய மக்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழையாதீர்கள் என எச்சரித்தார்கள். அங்குள்ள கிணற்று நீரைக் கொட்டிவிடுமாறும், அந்நீரால் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடுமாறும் கூறினார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் நீர் எடுக்கச் சொன்னார்கள். அன்னார் தலையை மூடிக்கொண்டு விரைந்து சென்றதும் ஹதீஸில் பதிவாகியுள்ளது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், தாகத்தால் வாடிய ஹாஜிகள் அங்கு நீர் அருந்தாமல் கடந்து சென்றதை இப்னு பதூதா குறித்திருக்கிறார்.

அங்கே போகவே கூடாது என்போரும், படிப்பினை பெறும் நோக்கில் போகலாம் என்போரும் உலமாக்களில் உள்ளனர். போவதானால், அது உல்லாசப் பயணமாக இருக்கக் கூடாது என்பதே ஹதீஸிலிருந்து நாம் விளங்குவது. சிரிப்பும் கூச்சலுமாய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கா அந்த எச்சரிக்கை விடுக்கப்பட்டது? தலை தாழ்த்திப் பார்த்து, சிந்தித்து, தங்காமல் திரும்புங்கள். ஓய்வெடுக்கவும் உணவருந்தவும் அல்உலாவின் ஈச்சந்தோப்புகள் இருக்கவே இருக்கின்றன.

நமக்கு உறவான சுவடுகள்

நாம் மதரஸாவில் கற்றுத் தரும் அரபி எழுத்து, நபதேய எழுத்திலிருந்தே வளர்ந்து வந்தது. ஹிஜ்ர் வட்டாரத்திலேயே ஸுஹைர் என்பவர் ஹிஜ்ரி 24-இல் பாறையில் பொறித்த கல்வெட்டு ஒன்றுண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறைந்த காலத்தை அது குறிப்பிடுகிறது. ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. 1908-இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் ரயில் பாதையின் நிலையமும் ஹிஜ்ரில் உள்ளது. அப்பாதை அமைய இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினார்கள்.

செல்வோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவுக் குளிருக்குக் கம்பளி உடை அவசியம். புறப்படுமுன் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஸாலிஹ் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். தெரிந்து செல்பவனுக்கே அந்தக் கற்கள் பேசும்.

பார்வையோடு படிப்பினையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.