மந்திரவாதியிடம் கேட்டவள்

ஹாரி பாட்டர் ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒரு தமிழர் இருந்துவிட்டால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கிளியிடம் வந்து நிற்கும். வால்டமோர்ட் தன் உயிரைத் துண்டு போட்டு டைரி, மோதிரம், பதக்கம், கிண்ணம் என்று ஒளித்துவைத்தானே, அந்த ஹார்கிரக்ஸ் சமாசாரமெல்லாம் நம் பாட்டிமார் என்றைக்கோ சொன்னதுதான். ஏழு மலை ஏழு கடல் தாண்டி ஒரு கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். ரவுலிங் ஒன்றை ஏழாக்கிக்கொண்டார், அவ்வளவே என்பார்கள். இந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. மாயாஜாலக் கதை என்றால் நாவலோ படமோ எதையும் விடாதவன் நான். ஆனால் பெருமிதம் ஆதாரமாகாது. அந்தக் கிளி உண்மையில் எங்கிருந்து பறந்து வந்தது என்று பழைய ஏடுகளில் தேடிப் பார்த்தேன். தேடியதில் கிளியின் பூர்வீகத்தைவிட, கிளிக்கூண்டுக்குப் பக்கத்தில் இத்தனை காலமாக நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

நமக்குத்தான் முதல் உரிமை என்ற வாதத்தை முதலில் தீர்த்துவிடலாம். உயிரை உடலுக்கு வெளியே வைக்கும் கதைகளில் எழுத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது எகிப்தில் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டார்பினி பப்பைரஸ் சுருள் சுமார் 3200 ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் அனுபு, பாட்டா என்ற இரண்டு சகோதரர்களின் கதை வருகிறது. இளையவன் பாட்டா தன் இதயத்தை எடுத்து தேவதாரு மரத்தின் பூவுக்கு மேலே வைத்துவிட்டு வாழ்கிறான். தேவர்கள் படைத்துக் கொடுத்த மனைவியிடம் அந்த ரகசியத்தைத் தானாகவே சொல்லிவிடுகிறான். அவள் எகிப்து மன்னனிடம் போய்ச் சேர்ந்து மரத்தை வெட்டச் சொல்கிறாள். பாட்டா விழுந்து சாகிறான். அண்ணன் ஆண்டுக்கணக்கில் தேடி அந்த இதயத்தைக் கண்டெடுத்து, நீரில் போட்டு, தம்பியை எழுப்புகிறான். நம் மந்திரவாதிக் கதையில் பாதி இங்கேயே இருக்கிறது. இதயத்தை ஒளித்தவன் வில்லன் அல்ல, நாயகன் என்பதுதான் வேறுபாடு. எகிப்திலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எழுத்தில் முந்தி ஏறிய கதைதான் வாயிலும் முந்திப் பிறந்தது என்பதற்கு உத்தரவாதம் ஏது? ஆனால் அச்சில் 1998இல் வந்த டைரியைக் காட்டி ‘எங்களிடமிருந்து போனது’ என்று வழக்காடுவதற்கு இந்தச் சுருள் இடம் தராது.

இந்தியப் பக்கமும் பழமைக்குக் குறைவில்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் மேதாவி என்று ஒருவன் வருகிறான். அவன் தந்தை சாகாத மகன் வேண்டும் என்று தவம் கிடந்தார். மனிதனுக்குச் சாகாவரம் இல்லை என்று தேவர்கள் கைவிரித்தார்கள். அப்படியானால் இந்த மலைகள் நிற்கும்வரை இவன் உயிர் நிற்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மேதாவி இறுமாந்து முனிவர்களை அவமதித்தான். தனுஷாக்ஷர் என்ற முனிவர் எருமைகளை விட்டு மலைகளைப் பெயர்க்கச் செய்தார். அவன் கதை முடிந்தது. ஏன் உயிரை வெளியே வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சாகாவரம் கிடைக்காதபோது செய்துகொள்ளும் பேரம் அது. நம் புராண அசுரர்கள் எல்லோரும் நடத்தும் அதே பேரம்தான்.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்துக்கு வரும்போது ஒரு புதுக் குரல் கேட்கிறது. அங்காரகன் என்ற அசுரன். ஓர் அரசன் அவன் மகள் அங்காரவதியைச் சந்திக்கிறான். அரசன் சொல்லிக்கொடுத்தபடி அவள் தந்தையிடம் போய் அழுகிறாள்: உங்களை யாராவது கொன்றுவிட்டால் என் கதி என்ன? அசுரன் சிரிக்கிறான். என் உடம்பு முழுக்க வஜ்ரம், இடது கையில் ஓரிடம் மட்டும் மென்மை, அதையும் வில் மறைத்துக்கொண்டிருக்கிறது என்று மகளைத் தேற்றுகிறான். ஒளிந்து நின்ற அரசனுக்கு அது போதும். இதில் கிளி இல்லை, உயிரும் உடலுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனாலும் பிற்காலக் கிளிக்கதைகளின் முதுகெலும்பு இங்கேதான் தெரிகிறது. வெல்ல முடியாதவன் ஒருவன், அவன் நம்பும் பெண் ஒருத்தி, அவள் கேட்கும் ஒரு கேள்வி.

கிளி முழு உருவில் அச்சேறியது 1868இல். பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃப்ரியரின் மகள் மேரி ஃப்ரியர், தன் ஆயா அன்னா லிபராட்டா டி சூசா சொன்ன கதைகளைத் தொகுத்து ‘ஓல்ட் டெக்கான் டேஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். அன்னா அவற்றைத் தன் பாட்டியிடம் கேட்டவர். நூலின் முதல் கதை ‘பஞ்ச்கின்’. ஏழு இளவரசிகளில் கடைசிப் பெண் பால்னா. பஞ்ச்கின் என்ற மந்திரவாதி அவளை நாயாக மாற்றிக் கவர்ந்துபோய்க் கோபுரத்தில் அடைத்துவைத்து, தன்னை மணந்துகொள்ளச் சொல்கிறான். அவள் பன்னிரண்டு ஆண்டுகள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். கைக்குழந்தையாக விட்டுவந்த மகன் வளர்ந்து, தோட்டக்காரர் மகள் வேடத்தில் உள்ளே நுழைகிறான். அதன் பிறகு பால்னா மந்திரவாதியிடம் பேச்சுக் கொடுக்கிறாள். உனக்குச் சாவே கிடையாதா என்கிறாள். அவனும் சொல்லிவிடுகிறான்: தொலைதூரக் காட்டில் பனைமரங்களின் நடுவே ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ப் பானைகள், அடியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் பச்சைக்கிளி. மகன் கிளியின் ஒரு சிறகைப் பிய்க்க, மந்திரவாதியின் ஒரு கை கழன்று விழுகிறது. தென்னிந்தியர் யாரும் இதைப் படித்தவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். பாலநாகம்மா கதையல்லவா இது! தெலுங்கு மேடைகளில் புகழ்பெற்ற அந்தக் கதையை எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ 1942இல் தெலுங்குப் படமாக எடுத்தது. அதிலும் மாயல மராட்டி என்ற மந்திரவாதி அவளை நாயாக்கித் தூக்கிப்போகிறான், மகன் தேடிப்போகிறான், மந்திரவாதியின் உயிர் கிளியில் இருக்கிறது. பால்னாவும் பாலநாகம்மாவும் ஒருத்திதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் வடக்கே ஐரோப்பாவுக்குப் போனால் வியப்பு கூடும். நார்வேயில் அஸ்பியோர்ன்சனும் மோவும் தொகுத்த கதைகளில் இதயமில்லாத அரக்கன் ஒருவன் உண்டு. சிறைப்பட்ட இளவரசி அவனிடம் உன் இதயம் எங்கே என்று கேட்கிறாள். வாசற்படிக்கு அடியில் என்கிறான். மறுநாள் படியெல்லாம் பூவைத் தூவி வைக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, அது பொய், அலமாரியில் இருக்கிறது என்கிறான். அலமாரிக்கும் பூ. மூன்றாம் முறை உண்மை வருகிறது: தொலைவில் ஏரி, ஏரியில் தீவு, தீவில் மாதாகோயில், அதற்குள் கிணறு, கிணற்றில் வாத்து, வாத்துக்குள் முட்டை. ரஷ்யாவின் சாகாத கோஷ்சேயும் தன் சாவை இப்படித்தான் அடுக்குக்குள் அடுக்காக, கடைசியில் ஓர் ஊசி முனையில் வைத்திருக்கிறான். அவனையும் அங்குள்ள கதைகளில் ஒரு பெண்தான் கேட்டுக் கேட்டுச் சொல்லவைக்கிறாள். பைபிளில் சிம்சோன் தெலீலாளிடம் மூன்று முறை பொய் சொல்லி நாலாவது முறை முடியின் ரகசியத்தை உடைப்பதும் இதே வாய்பாடு. கிளி, முட்டை, ஊசி, முடி என்று பொருள் நாட்டுக்கு நாடு மாறுகிறது. சொல்லவைக்கும் உரையாடல் மாறவில்லை.

ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890இல் வெளியிட்ட ‘தி கோல்டன் பவ்’ நூலில் இப்படிப்பட்ட கதைகளைக் குவித்துவைத்து ஒரு விளக்கம் சொன்னார். ஆன்மாவை உடலுக்கு வெளியே பத்திரமாக வைக்கலாம் என்று ஆதி மனிதர்கள் உண்மையாகவே நம்பினார்கள், கதைகள் அந்த நம்பிக்கையின் எச்சம் என்பது அவர் வாதம். அதை நான் முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் கிளி ஏன் இருக்கிறது என்பதற்குத்தான் அது பதில். மந்திரவாதி ஏன் வாயைத் திறக்கிறான் என்பதற்குப் பதில் ஃப்ரேசரிடம் இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்குச் சாவே இல்லையே! வெறும் நம்பிக்கையின் எச்சமாக இருந்தால் ஒளித்துவைப்பதோடு கதை நின்றிருக்கும். கதையாகத் தழைத்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான் என்பது என் கட்சி. உலகத்தையே மிரட்டி வைத்திருப்பவனுக்கும், தன்னை ஒருத்தி பொருட்படுத்திக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. அவனுடைய அந்த ஒரே மனித குணம்தான் அவனைக் கொல்கிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். பெண் என்றால் நயவஞ்சகமாக ரகசியத்தைக் கறப்பவள் என்ற பழைய ஆணாதிக்கப் புத்திதானே இது, தொலைந்ததே நல்லதல்லவா? பாட்டாவின் மனைவிக்கும் தெலீலாளுக்கும் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். அந்தக் கதைகளை எழுதியவர்கள் ஏமாந்தவன் பக்கம் நின்றார்கள். பால்னாவையும் நார்வே இளவரசியையும் அதே கூண்டில் ஏற்றுவது அநியாயம். அவர்கள் சிறைக்கைதிகள். கையில் வாளில்லை, படையில்லை, பேச்சு மட்டும் இருக்கிறது. வாசற்படியில் பூத்தூவுவது வெறும் கொஞ்சல் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சொன்னது மெய்யா பொய்யா என்று அவள் செய்யும் சோதனை அது. கோபுரத்தில் அடைபட்டவளின் பக்கம் நின்று பாட்டி பேத்திக்குச் சொன்ன கதை, அரண்மனை எழுத்தர் நகலெடுத்த கதையிலிருந்து இந்த இடத்தில் பிரிவது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

இனி நவீன நாவல்களுக்கு வரலாம். டோல்கீன் இந்தக் கதைமரபைத் தெரிந்தேதான் எடுத்தாண்டார். தேவதைக் கதைகள் பற்றி 1939இல் ஆற்றிய சொற்பொழிவின் கட்டுரை வடிவத்தில் இதயமில்லாத அரக்கனையும் எகிப்துச் சுருளையும் குறிப்பிடுகிறார். 1958இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில், தம் நாவலின் வில்லன் சாரோனின் மோதிரமும் உயிரையோ வலிமையையோ வெளிப்பொருளில் வைக்கும் பழங்கதைகளின் ஒரு வகை என்றே விளக்கியிருக்கிறார். ஆனால் சாரோனை யாரும் எதுவும் கேட்பதில்லை. மோதிரம் எது என்பதைக் காண்டால்ஃப் கண்டுபிடிப்பது மினாஸ் டிரித் ஆவணக்கூடத்தில் இசில்டூரின் பழைய ஏட்டைப் படித்து. ரவுலிங்கின் டம்பிள்டோர் செய்வதும் ஆவண ஆராய்ச்சிதான். என்ன, அவருடைய ஏடுகள் பிறருடைய நினைவுகள். கேள்வி கேட்ட பெண்ணின் இடத்தில் பேராசிரியர் வந்து உட்கார்ந்துவிட்டார். டோல்கீன் தாமே ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் என்பதால் அவரை மன்னிக்கலாம்.

ஸ்லக்ஹார்னை மறந்துவிட்டீரா என்று ரசிகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹார்கிரக்ஸ் பற்றிய நினைவைக் கொடுக்க மறுக்கும் அந்தக் கிழவரை ஹாரி இளகவைப்பது தன் தாய் லில்லியின் பெயரைச் சொல்லித்தான். 2009 படத்தில் லில்லி கொடுத்த மீனைப் பற்றி ஸ்லக்ஹார்ன் பேசும் காட்சி முழுத்தொடரிலும் எனக்குப் பிடித்தவற்றுள் ஒன்று. பழைய கதையின் நாடித்துடிப்பு அங்கே லேசாகக் கேட்கிறது. ஆனால் வாய் திறப்பவர் சாட்சி, வில்லன் அல்ல. வால்டமோர்ட் கிண்ணத்தைக் காக்கக் கொடுத்த பெல்லாட்ரிக்ஸிடம்கூட அது என்னவென்று சொல்லவில்லை. ரவுலிங் இதைத் தெரிந்தே செய்தார் என்பதும் வெளிப்படை. அன்பே அறியாதவனிடம் அந்தரங்கம் பேச யார் இருப்பார்கள்? அவர் வில்லனுக்கு அது பொருத்தம்தான். 2006இல் வந்த ‘டெட் மேன்ஸ் செஸ்ட்’ படத்தில் காதல் தோல்வியால் இதயத்தைப் பெட்டிக்குள் பூட்டிய டேவி ஜோன்ஸுக்கு அந்தப் பழைய ஏக்கம் சற்று மிச்சமிருந்தது. அந்தத் தொடரோ பெட்டிக்காக வாள் சண்டை போடுவதிலேயே பொழுதைப் போக்கிவிட்டது.

என் தீர்ப்பு இதுதான். கிளிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ரவுலிங் எதையும் திருடவில்லை. புதிய கதைகள் ஒளிவிடங்களைப் பெருக்கின, ஒளித்ததற்கான பாவத்தை ஆழப்படுத்தின, ஆனால் கதையின் மிகச்சிறந்த காட்சியைக் கைவிட்டுவிட்டன. மாயாஜாலப் படம் எடுக்கத் துடிக்கும் நம் இயக்குநர்கள் கோடிகளைக் கொட்டி கிராஃபிக்ஸில் கிளியைப் பறக்கவிடுவதற்கு முன், ஓர் அறையில் மந்திரவாதியையும் பால்னாவையும் உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசவிடட்டும். அதற்கு முன்தயாரிப்பாக மேரி ஃப்ரியர் தொகுப்பின் முதல் கதையை மட்டும் படித்தால் போதும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன நூல்தான் அது.