சபையில்லாத சூது

சூதாட்டம் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் வள்ளுவரின் 94ஆம் அதிகாரத்தில் தொடங்கிப் பாரதத்தின் பகடைக் களத்தில் வந்து நிற்பது வழக்கம். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூதினை வைத்த வள்ளுவரின் வைப்புமுறை சிந்திக்கத்தக்கதே. ஆயினும், அவ்வறவுரைகளை மீண்டும் ஒருமுறை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சூது தீது என்பதை எமது லயங்களில் எழுத்தறியா முதியோரும் அறிவர். மாசி மாதத்துக் காமன் கூத்தையும், அருச்சுனன் தபசையும் விடியவிடியப் பார்த்து வளர்ந்த மக்களுக்குத் தருமன் எவற்றையெல்லாம் வைத்து இழந்தான் என்பதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், நான் பிறந்து வளர்ந்த ஹற்றன் பகுதித் தோட்டங்களில், கைத்தொலைபேசியின் வழியே கடல்கடந்த கசினோக்களில் பணம் கட்டும் இளைஞரை விடுமுறைதோறும் காண்கிறேன். பழைய அறவுரை இப்புதிய சூதின் முன் ஏன் வலுவிழந்து நிற்கிறது என்பதே எனது வினா.

பாரதத்துச் சூது வஞ்சகமானது, ஐயமில்லை. எனினும் அது ஒரு சபையில் நடந்தது. எதிரே இருந்தவன் சகுனி என்பது தருமனுக்குத் தெரியும். விதுரன் எழுந்து தடுத்தான். பாஞ்சாலி அச்சபையை நோக்கி வினாத் தொடுத்தாள். பெரியோர் தலைகுனிந்திருந்தனர் எனினும், வினாவைக் கேட்பதற்குச் செவிகள் அங்கே இருந்தன. முதலாவது ஆட்டத்தில் இழந்தவற்றை ஈற்றில் திருதராட்டிரன் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. கடல்கடந்த இணையச் சூதில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. தோற்பது எல்லாச் சூதுக்கும் பொது. முறையிட இடமின்மையே இதற்குச் சிறப்பு.

சூது மலையகத்துக்குப் புதிதன்று. துரைமாரின் பொழுதுபோக்காக நுவரெலியாவில் 1875இல் அமைந்த குதிரைப் பந்தயத் திடல், இன்றும் ஏப்ரல் மாத வசந்தகாலத்தில் கூட்டத்தைக் கவர்கிறது. எமது நகரங்களில் ‘புக்கி’ எனப்படும் பந்தயக் கடைகளில், இங்கிலாந்தில் ஓடும் குதிரைகள் மீது, அக்குதிரைகளை ஒருநாளும் நேரிற் காணாத மக்கள் பணம் கட்டுவர். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தேசிய லொத்தர் சபையின் சீட்டுகள் பேருந்து நிலையங்கள்தோறும் விற்பனையாகின்றன. இவை நல்லவை என்று நான் வாதிக்க வரவில்லை. சம்பள நாளின் மாலையில் எத்தனையோ குடும்பங்களின் அரிசியும் மாவும் புக்கிக் கடையில் கரைந்திருக்கின்றன. ஆயின் புக்கிக்கு ஒரு கதவுண்டு. அது இரவில் மூடப்படும். கடைக்காரர் அதே ஊரில் வாழ்பவர். வென்ற பணத்தை மறுத்தால் மறுநாள் அவர் அத்தெருவில் நடமாடுவது கடினம். சீட்டிழுப்பின் இலக்கங்களோ பத்திரிகையில் ஊரறிய வெளியாகின்றன.

கொழும்பின் கசினோக்களுக்கும் கதவுண்டு. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கசினோத் தொழில் ஒழுங்குபடுத்தற் சட்டத்தின் கீழ் வளர்ந்த அவை, வெளிநாட்டாரின் பணத்தை நாடியே நடத்தப்படுவன. உள்நாட்டவர் நுழைவதாயின் டொலர்க் கணக்கில் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளையை அக்கட்டணமே வாயிலில் நிறுத்திவிடும். கைத்தொலைபேசிக்கு வாயிலுமில்லை, காவலாளியுமில்லை. சில நூறு ரூபாவே போதுமானது.

கடல்கடந்த கசினோ என்பதன் பொருளையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஆடுபவனின் நாட்டில் உரிமம் பெறாது, வரியும் கண்காணிப்பும் தளர்ந்த வேறொரு நாட்டில் பதிவுசெய்துகொண்டு, இணையத்தின் வழியே ஆட்டம் நடத்துவதே அது. 1994இல் அன்டிகுவா–பார்புடா இயற்றிய சட்டம் இதற்கு வழிதிறந்தது. 1999இல் பிரித்தானியப் பந்தயத் தொழிலதிபர் விக்டர் சான்ட்லர், பந்தய வரியிலிருந்து விலகும்பொருட்டுத் தமது தொழிலை ஜிப்ரோல்டருக்கு மாற்றினார். கரிபியன் கடலின் குரசாவோத் தீவிலோ, 2024 டிசெம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, நான்கு தலைமை உரிமங்களின் கீழ் எண்ணற்ற துணை உரிமங்கள் வழங்கப்பட்டு வந்தன.

இவ்வாபத்தை முதலில் உணர்ந்து வேலி கட்ட முனைந்த நாடுகளுள் பிரித்தானியாவும் ஒன்று. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தை 2014இல் திருத்தி, நிறுவனம் எந்நாட்டில் இருப்பினும் பிரித்தானியரிடம் பணம் பெறுவதாயின் பிரித்தானிய உரிமம் பெற்றே தீரவேண்டும் என விதித்தது. 2020 ஏப்ரலில் கடனட்டை கொண்டு சூதாடுதல் தடைசெய்யப்பட்டது. ஒருவர் தம்மைத் தாமே விலக்கிவைக்கும் ‘கேம்ஸ்டொப்’ பதிவேட்டில் இணைவது உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் அனைத்துக்கும் அவ்வாண்டிலேயே கட்டாயமாயிற்று. 2021இல், சுழல் ஆட்டங்களில் ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 விநாடி செல்லவேண்டும் என்னும் விதி வந்தது. 2025இல், அதே ஆட்டங்களில் ஒரு சுழற்சிக்கு 5 பவுணுக்கு மேலும், 18 முதல் 24 வயதுடையோராயின் 2 பவுணுக்கு மேலும் கட்டலாகாது என வரையறுக்கப்பட்டது. எம்போன்ற மாணவ வயதினருக்கே மிகக் குறைந்த எல்லை வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

இவ்வேலிக்கு வெளியே உள்ள தளத்தில் ஆடும் பிரித்தானியன் தன் நாட்டுச் சட்டப்படி குற்றவாளி ஆவதில்லை. ஆனால் மேற்சொன்ன காப்புகள் யாவற்றையும் அவன் இழந்துவிடுகிறான். சூதிலிருந்து மீளவிரும்பித் தன்னைப் பதிவேட்டில் விலக்கிக்கொண்டவனே, அப்பதிவேடு எட்டாத தளங்களுக்கு இலகுவில் இரையாவதுதான் இதன் மிகப்பெரும் கொடுமை. வலுவான நீதிமன்றங்களும் நன்கு பேணப்படும் ஆணையமும் உள்ள நாட்டின் குடிமகனுக்கே இந்நிலையெனின், பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் இருந்து அதே தளத்தைத் திறப்பவனின் நிலை யாது?

ஆட்டத்தின் கணக்கையும் பார்ப்போம். ரூலெட் சக்கரத்தில் சுழியம் முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. எல்லா எண்களிலும் ஒவ்வொரு ரூபா வைத்தால் 37 ரூபா செலவாகும்; கையில் திரும்புவது 36 ரூபா. ‘ஸ்லொட்’ எனப்படும் சுழல் ஆட்டமொன்று நூற்றுக்கு 96 ரூபாவைத் திருப்பித் தருவதாகக் கொள்வோம். நூற்றுக்கு 4 என்பது அற்பமாகவே தோன்றும். ஆனால் ஆறு விநாடிக்கு ஒரு சுழற்சி வீதம் ஒரு மணிநேரத்தில் 600 சுழற்சிகள் நிகழும். ஒவ்வொன்றிலும் 50 ரூபா வைப்பவன் அந்த ஒரு மணிநேரத்தில் 30,000 ரூபாவைப் பந்தயத்தில் சுழலவிடுகிறான். சராசரியாக 1,200 ரூபாவை இழக்கிறான். 2024 செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது 1,350 ரூபா. அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவே தாய் ஒரு நாள் முழுவதும் பறித்த கொழுந்தை மகனின் ஒரு மணிநேரம் விழுங்கிவிடுகிறது. லொத்தர்ச் சீட்டு வாங்குபவன் முடிவறியச் சீட்டிழுப்பு வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே அவனுக்கு ஒரு காப்பு. இங்கே அக்காப்பு ஆறு விநாடியாகச் சுருங்கிவிட்டது.

இனி, ‘போனஸ்’ என்னும் தூண்டில். 10,000 ரூபா இனாம் என்பர். அதனை எடுக்குமுன் 35 மடங்கு பந்தயம் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. அதாவது 3,50,000 ரூபாவுக்கு ஆடவேண்டும். நூற்றுக்கு 4 வீதம் அதில் எதிர்பார்க்கத்தக்க இழப்பு 14,000 ரூபா. கொடுத்த இனாமிலும் கொள்ளும் தொகை பெரிது.

இக்கணக்கை நான் கற்க நேர்ந்தது ஒரு கடிதத்தின் பொருட்டு. புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் வேலைசெய்யும் என் பெரியப்பா மகன் கடந்த தீபாவளிக்கு வீடு வந்திருந்தார். “தங்கச்சி, நீதான் கெம்பஸ்ல படிக்கிற. இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதித் தா” என்று கேட்டார். சிறுகச் சிறுக 80,000 ரூபா வரை கட்டிய பின், திரையில் அவருக்கு 1,80,000 ரூபா வெற்றி காட்டியிருக்கிறது. எடுக்க முனைந்தபோது அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தார். பணம் அனுப்பியதற்கு அவரது பெயரிலான அத்தாட்சி கேட்டார்கள். அவரோ, தளத்தினர் ஒவ்வொரு முறையும் தந்த வெவ்வேறு தனியாட்களின் கணக்குகளுக்கே பணம் அனுப்பியிருந்தார். பின்னர், போனஸ் விதியொன்றை மீறினார் எனக் கூறிக் கணக்கையே மூடிவிட்டார்கள்.

கடிதம் எழுத அமர்ந்தேன். செய்தியை எழுதுவது கடினமாக இருக்கவில்லை. யாருக்கு எழுதுவது என்பதே கடினமாயிற்று. தளத்தின் அடிப்பகுதியில் ஒரு நிறுவனப் பெயரும், ஒரு பதிவிலக்கமும், நாம் பூகோளப் படத்திலும் தேடியறியாத ஒரு தீவின் பெயரும் இருந்தன. பிணக்குகள் யாவும் அத்தீவின் சட்டத்துக்கே உட்பட்டவை என நிபந்தனைகளில் எழுதியிருந்தது. வங்கிக்குச் சென்றால், பணத்தை நீங்களே விரும்பி அனுப்பினீர்கள் என்றனர். பொலிசுக்குச் செல்ல அண்ணன் அஞ்சினார். தாமே சட்டத்தை மீறியவராகி விடுவோமோ என்பது அவரது பயம். எழுதிய கடிதம் முகவரியின்றி என் கொப்பியிலேயே இருக்கிறது. அண்ணனின் 80,000 ரூபாவில் ஒரு பகுதி, பெரியம்மாவின் காதணியை அடகுவைத்துப் பெற்றதென்பது பிற்பாடே வீட்டில் தெரியவந்தது.

மலையகத்து வரலாற்றைப் படித்தோருக்கு இதில் பழகிய ஒரு சாயல் தென்படும். ‘துண்டு’ முறையை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பின், அவன் மீதுள்ள கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவான் என எழுதிய துண்டுக் கடதாசி வேண்டும். கடன் எவ்வளவு என்பதைத் தொழிலாளி அறியான். கணக்குப் புத்தகம் அவன் கையிலில்லை. 1921இல் சட்டத்தால் அம்முறை தடைசெய்யப்பட்டது. நூறாண்டு கடந்து, எமது இளைஞன் தன் கணக்கு இன்னொருவர் கையில், தனக்கு விளங்கா மொழியில் எழுதப்படுவதற்குத் தானே விரும்பி உடன்படுகிறான். அன்று கங்காணியாவது பிரட்டுக் களத்தில் கண்முன் நின்றார்.

இன்னுமொரு ஆபத்தையும் சுட்டவேண்டும். மேற்சொன்ன தனியாள் கணக்குகள் யாருடையவை? சிறு தொகைக்காகத் தம் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பிறரிடம் ஒப்படைக்கும் வேலையற்ற இளைஞரைக் கொண்டே இத்தகைய கணக்குகள் திரட்டப்படுகின்றன. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணை எழுமாயின், பொலிசார் முதலில் வந்து நிற்பது அந்த இளைஞனின் லயக் கதவடியிலேயே. சூதாடாதவனும் இச்சூதில் தோற்கிறான்.

தன் உழைப்பை ஒருவன் தன் விருப்பப்படி செலவிட உரிமையில்லையா எனக் கேட்போர் உளர். உரிமையுண்டு. ஆனால் உரிமை என்பது பேசிய பேச்சைக் காக்கும் இருவரிடையே பொருளுடையது. வென்றால் கொடுக்கும் கடப்பாடு எதிர்த்தரப்புக்கு இல்லாதவிடத்து, அதனை ஆட்டம் என்று அழைப்பதே பிழை. சட்டம் இயற்றித் தடுத்துவிடலாம் என்போரும் உளர். தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மியையும் போக்கரையும் தடைசெய்த பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்தது. அதே மாதத்தில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தோடு வாழ்ந்த நாட்டுக்கு இது தேவையான படியே. எனினும் அதிகாரசபையின் கை கரையோரம் வரையே நீளும். கடல்கடந்த கசினோ தன் இருப்பிடத்தைத் தேர்வதே அக்கை எட்டாத இடத்தில்தான். சட்டம் வேண்டும், அது மட்டும் போதாது.

ஆகவே, எம்மால் இயன்றது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பிரசாவுரிமைப் பத்திரங்கள் நிரப்பும் காலத்தில், படித்த சிலர் லயம் லயமாகச் சென்று, எழுத்தறியாதோருக்குப் படிவங்களை வாசித்து விளக்கினர். இன்று பல்கலைக்கழகம் புகுந்த மலையகப் பிள்ளைகள் அன்றிலும் பலர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, இத்தளங்களின் நிபந்தனைகளை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். மணிநேரத்துக்கு எவ்வளவு கரையும் என்பதைக் கரும்பலகையில் கூட்டிக் காட்டுவோம். வங்கி அட்டையை இரவல் கொடுப்பதன் விளைவைக் கூறுவோம். தோற்றவரை ஏசாது, நடந்ததை வெளியே சொல்லவும் இடங்கொடுப்போம். கூச்சத்தால் மறைக்கப்படும் கடனே அடகுக்கடை வரை வளர்கிறது. தோட்டத்து வாசிகசாலையிலும் கோயில் முன்றிலிலும் பத்துப் பேர் கூடினாலும் அது ஒரு சபையே. கடல்கடந்த ஆட்டக்காரனை அச்சபை கூண்டில் ஏற்ற முடியாதுதான்; அடுத்த சம்பள நாளுக்கு முன்னர் எமது தம்பி ஒருவன் தன் வினாவைக் கேட்பதற்கு அங்கே செவிகள் இருக்கும்.