அணி இலக்கணம்: பாட்டில் தொடங்குவோம்

ஆசிரிய நண்பர்களே, உவமையணியை வரையறையில் தொடங்காதீர்கள், பாட்டில் தொடங்குங்கள். எங்கள் சோழபுரத்துப் பிள்ளைகளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் இருக்கிறாள்.

திருப்பாவையின் 30 பாசுரங்களில் நான்காவது மழைப்பாட்டு. மேகத்தின் கறுப்புக்குத் திருமாலின் மேனி, மின்னலுக்குச் சக்கரம், இடிக்குச் சங்கு, மழைத்தாரைக்கு அவன் வில் பொழியும் அம்புகள்.

"அம்பு கொல்லும், மழை வாழவைக்குமே?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அம்பிலிருந்து வேகத்தையும் அடர்த்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உலகம் வாழப் பெய்யச் சொல்கிறாள் ஆண்டாள். உவமையின் பொதுத்தன்மை அங்கே தானாகப் புரியும்.

பிறகு மேற்கு மலையில் இறங்கும் மேகத்தைக் காட்டி, "உனக்கு இது எதைப்போல இருக்கு?" என்று கேளுங்கள். எழுதச் சொல்லுங்கள். இலக்கணம் அதற்கப்புறம் வரட்டும்.